டயர் வெடிப்பது தெய்வச் செயலா?

"டயர் வெடித்தது, லாரி நிலைதடுமாறியது, இத்தனை பேர் மாண்டனர்." இவ்விதச் செய்தியைப் படித்துப் படித்து நமது ஜனங்களின் மனம் மரத்துப் போய்விட்டது. படிப்பவர், "ஐயோ, விதி!" என்று பெருமூச்செறிந்துவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறார். லாரியின் சொந்தக்காரர் அதையே சொல்கிறார். ஓட்டினவரும் அதையே சொல்கிறார். நஷ்டஈடு கேட்டு வழக்கு வந்தால் இன்ஷியூரன்ஸ் கம்பெனியும் அதையே சொல்கிறது. இடி விழுவதும் பூமி அதிர்வதும் எப்படி மனிதர் கையில் இல்லையோ அப்படியே டயர் வெடிப்பதும் மனிதர் கையில் இல்லை என்பது இவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுப்பியிருக்கும் வாதம். இந்த வாதம் முழுப் பொய் என்பதையும், இதை நம்பி நாம் சும்மாயிருப்பதால் உயிர்கள் வீணாகப் போகின்றன என்பதையும் எடுத்துச் சொல்லவே இன்று எழுதுகிறோம்.

நியாயஸ்தலம் ஒன்று இதை முன்னமே சொல்லிவிட்டது. 2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புனேயிலிருந்து மும்பைக்குச் சென்ற ஒரு காரின் டயர் வெடித்து, கார் பள்ளத்தில் விழுந்து, ஒருவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்துக்குச் சுமார் 1.25 கோடி ரூபாய் நஷ்டஈடு தரவேண்டுமென்று விபத்து வழக்கு மன்றம் தீர்ப்பளித்தது. டயர் வெடித்தது தெய்வச் செயல், அதற்கு நாங்கள் பொறுப்பாளிகள் அல்லர் என்று இன்ஷியூரன்ஸ் கம்பெனி மேல் முறையீடு செய்தது. பம்பாய் ஹைகோர்ட் 2023-இல் அந்த முறையீட்டைத் தள்ளிவிட்டது. மனிதர் தடுக்க முடியாத இயற்கைச் சக்திகளின் விளைவே தெய்வச் செயலாகும். டயர் வெடிப்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று, மனிதரின் கவனக்குறைவே அதற்குக் காரணம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரு காருக்குப் பொருந்தும் இந்த நியாயம், அதைப்போலப் பன்மடங்கு பாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் நடுவே ஓடும் லாரிக்கு எவ்வளவு அதிகமாகப் பொருந்தும்!

இதை ஆரணியை முன்னிட்டுப் பேசுவதற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலை ஜில்லாவில், கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அரிசி ஆலைகளுக்கும் இந்த ஊர் பெயர் பெற்றது. ஆனால் ஆரணி ஊருக்குள் ரயில் வருவதில்லை. "ஆரணி ரோடு" என்று பெயர் வைத்திருக்கும் ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. ஆகையால் கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டும், சூரத்திலிருந்து வரும் ஜரிகையும், கிராமங்களிலிருந்து வரும் நெல்லும், ஊரிலிருந்து வெளியே போகும் சேலையும் அரிசியும் பெரும்பாலும் ரப்பர்ச் சக்கரங்களின் மேல்தான் பிரயாணம் செய்கின்றன. ஆற்காடு, வேலூர், போளூர், சேத்துப்பட்டு, வந்தவாசி, செய்யாறு ஆகிய திசைகளுக்கெல்லாம் சாலையே கதி. லாரி இல்லையேல் ஆரணியின் தறி ஓடாது, ஆலையும் ஓடாது. அதே சாலைகளில்தான் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு முதலிய நெசவூர்களின் ஜனங்கள் பாவும் நூலும் சேலையும் எடுத்துக்கொண்டு இரு சக்கர வண்டிகளிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் போய் வருகிறார்கள். லாரியினால் வாழும் ஊரே லாரிக்குப் பயந்தும் வாழ வேண்டியிருக்கிறது.

டயர் என்பது என்ன என்பதை மற்ற ஊராரைவிட நெசவாளர் எளிதில் அறிவர். பார்வைக்கு அது ரப்பர். உள்ளே இருப்பதோ துணி. நைலான் இழைகளை வரிசையாக அடுக்கி, அடுக்கின்மேல் அடுக்காகக் குறுக்கு மறுக்காக வைத்து, ரப்பரில் தோய்த்து இறுக்கியதே பழைய மாதிரி டயரின் உடல். ரேடியல் என்று சொல்லப்படும் புது மாதிரி லாரி டயரில் நைலானுக்குப் பதிலாக எஃகு இழைகள் உள்ளன. உள்ளே அடைத்த காற்றையும் மேலே ஏற்றிய பாரத்தையும் தாங்குபவை இந்த இழைகளே. வெளியிலுள்ள ரப்பரும் அதில் வெட்டிய பள்ளங்களும் அந்த இழைகளைக் காக்கும் போர்வையாகவும் சாலையைப் பற்றும் நகமாகவும் இருக்கின்றன. லாரித் தொழிலாளர் இந்தப் பள்ளங்களைப் "பட்டன்" என்பார்கள். பட்டன் முழுவதும் தேய்ந்ததை "மொட்டை டயர்" என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டு நாம் சிரித்துவிடுகிறோம். ஆனால் மொட்டை டயரின் அடியில் இழை தெரியத் தொடங்கிவிட்டால் அது நைந்துபோன துணி. நைந்த துணியில் மூன்று டன் பாரத்தைக் கட்டித் தொங்கவிட எந்த நெசவாளரும் சம்மதிக்க மாட்டார்.

மூன்று டன் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதன்று. இரண்டு அச்சுள்ள ஆறு சக்கர லாரியின் மொத்த எடை 16.2 டன்னுக்கு மேற்படலாகாது என்றிருந்த வரம்பை இந்திய சர்க்கார் 2018 ஜூலையில் 18.5 டன்னாக உயர்த்தியது. ஆறு டயருக்கும் பங்கிட்டால் தலைக்கு மூன்று டன்னுக்கு மேல் வருகிறது. இந்தப் பாரம் முழுவதும் இரண்டு உள்ளங்கைகளை விரித்து மூடிவிடக்கூடிய அளவு இடத்தில்தான் ஒவ்வொரு டயரின் வழியாகவும் சாலையில் இறங்குகிறது. சட்டம் அனுமதித்த அளவே இது. அதற்கு மேலும் ஏற்றினால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டயர் எப்படிக் கெடுகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிரும் ரப்பர் சூடேறுகிறது. சூடேறிய ரப்பருக்கும் இழைக்கும் உள்ள பிடிப்புத் தளர்கிறது. பிடிப்புத் தளர்ந்த இடத்தில் முதலில் வீக்கம் தோன்றும், பிறகு வெடிக்கும். அதிகப் பாரம் ஏற்றுவதும் இதே வேலையைச் செய்கிறது. பின்னால் இரட்டையாக மாட்டிய சக்கரங்களில் உள் டயர் ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை. அதில் காற்று இறங்கிவிட்டால் அதன் பாரத்தையும் வெளி டயரே சுமக்கிறது. ஒன்றன் நோய் இரண்டையும் கொல்கிறது. வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயில் எப்படிப்பட்டது என்பது நேயர்களுக்குத் தெரியும். நாற்பது பாகைக்கு மேல் காற்றே கொதிக்கும்போது தார்ச் சாலை அதைவிட அதிகமாகக் காய்கிறது. சித்திரை வைகாசியில் நோயுள்ள டயர் வெடிப்பதற்கு இதுவே காரணம். ஐப்பசி கார்த்திகையில் ஆபத்து வேறு உருவம் கொள்கிறது. பள்ளமுள்ள டயர் மழை நீரைப் பிதுக்கி வெளியேற்றி, தரையைப் பற்றுகிறது. மொட்டை டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர் ஓர் ஏடாகப் படர்ந்துவிடுகிறது. அப்போது பிரேக் எவ்வளவு நல்லதாயிருந்தும் பயனில்லை. சக்கரம் நிற்கும், லாரி நிற்காது.

இவையெல்லாம் சட்டம் அறியாத விஷயங்கள் அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி டயரைப் பற்றியது. தேய்ந்தோ கிழிந்தோ உள் துணி வெளியே தெரியும் டயர், ஓரிடத்தில் வீங்கிக் கெடப்போகும் அறிகுறி காட்டும் டயர், முறைப்படி வேகவைத்து ஒட்டாமல் மேலே ஒட்டுப்போட்டு மறைத்த டயர் ஆகியவை நல்ல நிலையில் உள்ளவை ஆகா என்று அது சொல்கிறது. லாரி முதலிய வண்டிகளுக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் அளவு வைத்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு நாணயத்தின் தடிப்புத்தான் இது. இதற்கும் குறைவாக வைத்துக்கொண்டு ஓட்டுபவருக்குச் சட்டம் கடுமையாயிருக்கிறது என்று யாரும் முறையிட முடியாது.

விதி இருக்கிறது; விதியைப் பார்த்துச் சொல்ல உத்தியோகஸ்தர்களும் இருக்கிறார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று சர்க்கார் பெயரிட்டிருப்பவரை ஜனங்கள் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கிறார்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட லாரி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டது வருஷத்துக்கு ஒரு முறையும் தகுதிச் சான்று பெற வேண்டும். எப்.சி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் எப்.சி. என்பது ஒரு நாளைய கணக்கு. அன்று நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் பழையதை மாட்டிக்கொள்வதைத் தடுக்க அந்தக் காகிதத்துக்குச் சக்தியில்லை. நல்ல டயரும்கூட ஒரு வருஷத்துக்குள் தேய்ந்து மொட்டையாகிவிடலாம். ஆகவே டயரைப் பொறுத்தவரை உண்மையான சோதனை சாலையில் நடப்பதே. அந்தச் சாலைச் சோதனையில்தான் நமது ஏற்பாடு ஓட்டையாக இருக்கிறது.

ஓட்டை எங்கே என்று பார்ப்போம். ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின் கீழ்க் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு விதித்த அபராதம் 1,500 ரூபாய். அந்தப் பழுதினால் விபத்து நேர்ந்து யாருக்கேனும் காயமோ பொருள் நஷ்டமோ உண்டானால் மூன்று மாதம் வரையில் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு பெரிய லாரி டயரின் விலையோ இருபதாயிரம் ரூபாயை ஒட்டியிருக்கிறது. பத்துச் சக்கர லாரியில் நான்கு டயர் மொட்டையென்றால் மாற்றுவதற்கு எண்பதாயிரம் வேண்டும். பிடிபட்டால் கட்ட வேண்டியதோ ஆயிரத்தைந்நூறு. கணக்குத் தெரிந்த முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார்? குற்றம் செய்வது லாபமாகவும் சட்டத்தின்படி நடப்பது நஷ்டமாகவும் இருக்கும்படி அபராதத்தை அமைத்துவிட்டு, பிறகு ஜனங்களின் ஒழுக்கத்தைக் குறை கூறுவதில் அர்த்தமில்லை.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. அபராதச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பிறகு அந்த லாரி எங்கே போகிறது? அதே நான்கு மொட்டை டயருடன், அதே சாலையில், மேற்கொண்டு போகிறது. சர்க்காருக்குப் பணம் வந்துவிட்டது. ஆபத்து மட்டும் சாலையிலேயே இருக்கிறது. சோதனைச் சாவடிக்கு இப்பால் ஆபத்தாயிருந்த டயர், சீட்டு எழுதியபின் அப்பால் போனதும் பத்திரமாகிவிடுமா? கடித்த பாம்பிடம் வரி வசூலித்துவிட்டு அதை மறுபடி வீட்டுக்குள் விட்டது போன்ற நடத்தை இது.

அதிகப் பாரம் விஷயத்தில் சட்டம் இவ்வளவு தளர்ச்சியாக இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அபராதம் கட்டிவிட்டதாலேயே அதிகப் பாரத்துடன் மேற்கொண்டு செல்லும் உரிமை எவருக்கும் வந்துவிடாது என்று சுப்ரீம் கோர்ட் 2005-ஆம் ஆண்டிலேயே தீர்மானமாகச் சொல்லிற்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், 20,000 ரூபாய் அபராதமும், அதிகமாயுள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதித்ததோடு நிற்கவில்லை. அதிகப் பாரத்தை இறக்கும் வரையில் வண்டி நகரக் கூடாது என்று 194-ஆவது பிரிவில் எழுதி வைத்தது. இதுவல்லவோ அறிவுள்ள சட்டம்! இந்த வாசகத்தை டயருக்கும் எழுதுவதில் என்ன தடை? மொட்டை டயரை, இழை தெரியும் டயரை, வீங்கின டயரைக் கழற்றி வேறு மாட்டும் வரையில் வண்டி நகரலாகாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பொதுஜனங்களுக்கு ஆபத்தான நிலையிலுள்ள வண்டியின் பதிவை, பழுது நீங்கும் வரையில் நிறுத்தி வைக்க 53-ஆவது பிரிவு அதிகாரம் தருவது வாஸ்தவமே. ஆனால் அதற்குச் சொந்தக்காரரின் சமாதானத்தைக் கேட்டுப் பிறகு உத்தரவிட வேண்டும். சாலையில் நிற்கும் லாரிக்கு இந்த மருந்து தக்க காலத்தில் வந்து சேராது.

நெசவாளருக்கு இதில் விளக்கம் தேவையில்லை. தறியில் ஓர் இழை அறுந்தால் அதை முடிந்துவிட்ட பிறகே அடுத்த ஊடு போடுவார்கள். "இந்தச் சேலை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டிவிட்டால் சேலை முழுவதும் பழுதாகும். ஒரு சேலைக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பை ஓர் உயிருக்குக் காட்டும்படி கேட்கிறோம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வெளிநாட்டில் இது நடக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் தருகிறோம். அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்று தேசங்களிலும் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து சாலைகளில் லாரிச் சோதனை நடைபெறுகிறது. இது 1988-இல் தொடங்கிய வழக்கம். 2025-ஆம் ஆண்டு மே 13 முதல் 15 வரையில் நடந்த சோதனையில் டயரை விசேஷமாகக் கவனிப்பதென்று முன்கூட்டியே அறிவித்தார்கள். மொத்தம் 56,178 சோதனைகள் நடந்தன. சோதித்த வண்டிகளில் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஓடத் தகுதியற்றவையென்று அங்கேயே நிறுத்தப்பட்டன. நிறுத்தியதற்கான பழுதுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டயர்ப் பழுது. செல்வம் கொழிக்கும் தேசத்திலும் முதலாளிகள் டயரில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது இதனால் தெரிகிறது. ஆனால் அங்கே பிடிபட்ட வண்டி நிற்கிறது; கணக்கும் பகிரங்கமாக வெளியாகிறது. மற்றொரு பேதமும் உண்டு. அமெரிக்க விதி பின் சக்கரங்களுக்கு நமது அளவாகிய 1.6 மில்லிமீட்டரையே வைத்து, முன் சக்கரங்களுக்கு மட்டும் அதை இரட்டித்து 3.2 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. பின்னால் இரட்டை டயரில் ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். முன் டயர் போனால் ஸ்டியரிங்கே கையை விட்டுப் போகும். நமது லாரி டிரைவர்களும் நல்ல டயரை முன்னால் போடு என்றுதான் சொல்வார்கள். அநுபவம் அறிந்த இந்த உண்மையை நமது விதி இன்னும் அறியவில்லை.

இனி, மறுப்பாகச் சொல்லப்படுவதைக் கவனிப்போம். தமிழ்நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் கோடீசுவரர்கள் சிலரே. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்து, மாதத் தவணை கட்டித் திணறுபவர்களே பலர். டீசல் விலை, சுங்கம், இன்ஷியூரன்ஸ் எல்லாம் ஏறியிருக்க வாடகை மட்டும் ஏறவில்லை. இவர்கள் தலையில் டயர்ச் செலவையும் ஏற்றலாமா என்று கேட்கிறார்கள். இந்தக் கஷ்டம் மெய்யானது. அதை அலட்சியம் செய்ய நாம் தயாராயில்லை. ஆனால் கஷ்டத்துக்குப் பரிகாரம் வேறு. எதிரே வருபவனின் உயிரைப் பணயம் வைப்பது வேறு. டயருக்கு விதித்திருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 28-லிருந்து 18-ஆகக் குறைந்திருக்கிறது. இன்னும் குறைக்க வேண்டுமென்று லாரிச் சொந்தக்காரர்கள் கேட்டால் நாமும் சேர்ந்து கேட்போம். ரிசோல் செய்த டயரையும் நாம் வெறுக்கவில்லை. உடல் கெட்டியாயுள்ள டயரைச் சரியான காலத்தில் நல்ல பட்டறையில் ரிசோல் செய்து பின் சக்கரத்தில் மாட்டினால் ஆபத்தில்லை. ஆகாய விமானங்களின் சக்கரங்களிலும் ரிசோல் செய்த டயர்கள் ஓடுகின்றன. இழை தெரியும் வரையில் ஓட்டிவிட்டு, செத்த உடலின்மேல் புதுத் தோல் போர்த்துவதுதான் பாபம். அரக்கோணத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் டயர்த் தொழிற்சாலைகள் இயங்கும் நாட்டில், கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது.

அதோடு, சிறு லாரிக்காரரின் டயரை உண்மையில் தின்பவர் யார்? வாடகையைக் குறைத்து, பாரத்தைக் கூட்டி, "ஏற்றினால் ஏற்று, இல்லாவிட்டால் வேறு லாரி இருக்கிறது" என்று சொல்கிற சரக்குக்காரரே. அதிகப் பாரத்தினால் டயரின் ஆயுள் குறைகிறது. குறைந்த வாடகையினால் புது டயர் வாங்க வகையில்லாமற் போகிறது. இரண்டு பக்கத்திலும் அறுப்பவர் ஒருவரே. ஆனால் சாலையில் பிடிபட்டு நிற்பவர் டிரைவர். டயர் அவருடையதன்று, பாரம் அவருடையதன்று, லாபமும் அவருடையதன்று. "இந்த டயரோடு போகமாட்டேன்" என்று சொன்னால் அன்றே வேலை போய்விடும். வெடித்தால் முதலில் சாகிறவரும் அவரே. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? சட்டம் இதில் குருடாயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 190-ஆவது பிரிவு ஓட்டுபவரை மட்டும் குறிக்கவில்லை. ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிக்கிறது. பழுது தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை, சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும் என்கிறது. மொட்டை டயரைக் காணச் சாதாரணக் கவனம்கூட வேண்டுமா? கண் இருந்தால் போதாதா? ஆகையால் சீட்டு டிரைவர் பெயரில் எழுதப்படுவதோடு நில்லாமல் சொந்தக்காரரின் பெயருக்கும் போகவேண்டும். அந்தப் பாரத்தை ஏற்றி அனுப்பினவரையும் சட்டத்தின் கைக்குள் கொண்டுவர வேண்டும்.

எத்தனை உயிர்கள் இதில் அடங்கியிருக்கின்றன? 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துக்கள் நேர்ந்தன. எண்ணிக்கையில் இது இந்தியாவிலேயே முதலிடம். அவற்றில் இறந்தவர் 17,884 பேர். தினம் 49 பேர் வீதம். இவற்றில் டயர் காரணமாக இறந்தவர் எத்தனை பேர்? நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட விபத்துக்களுக்கு அதிவேகம் காரணம் என்று அந்த ஆண்டின் சர்க்கார் அறிக்கை சொல்கிறது. வேகமாகப் போன லாரியின் டயர் எந்த நிலையில் இருந்தது என்று யாராவது அளந்து எழுதினால் அல்லவோ கணக்கு முழுமையாகும்? அளக்காததினால் இரண்டு விதத்திலும் தீங்கு விளைகிறது. டயரின் குற்றம் வேகத்தின் பெயரில் மறைந்துபோகலாம். மனிதரின் குற்றம் டயரின் பின்னால் ஒளிந்துகொள்ளவும் கூடும். 2020 பிப்ரவரி 20-ஆந் தேதி அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி ஒன்று தடுப்பைத் தாண்டி வந்து கேரள அரசு பஸ்ஸின் மேல் மோதி 19 பேர் இறந்தபோது, டயர் வெடித்ததே காரணம் என்று முதலில் பேச்சுக் கிளம்பியது. பிறகு விசாரித்ததில் டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. நன்கு சோதித்ததினால் உண்மை வெளிவந்தது. ஒவ்வொரு விபத்திலும் இந்தச் சோதனை நடந்தால் "விதி" என்ற சொல்லுக்கு வேலையே இராது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவை. முதலாவதாக, பழுதான டயருடன் பிடிபட்ட லாரி, டயரை மாற்றாமல் அவ்விடம் விட்டு நகரலாகாது என்று சட்டத்தில் சேர்க்க வேண்டும். இரண்டாவதாக, முன் சக்கர டயருக்குத் தனியாக அதிக அளவு விதிக்க வேண்டும். மூன்றாவதாக, அபராதம் ஒரு டயரின் விலைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதைக் கட்டும் பொறுப்பு சொந்தக்காரருடையதாக வேண்டும். நான்காவதாக, சித்திரை வெயில் தொடங்குமுன் ஒரு முறையும், ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு முறையும், தேதியை முன்கூட்டியே அறிவித்து, ஆழம் பார்க்கும் அளவுகோலும் காற்றழுத்தம் பார்க்கும் கருவியும் கையில் கொண்டு, உள் டயர் உள்பட ஒவ்வொன்றையும் பார்க்கும் சோதனை நடைபெற வேண்டும். காலால் தட்டிப் பார்ப்பது சோதனையாகாது. ஐந்தாவதாக, எத்தனை வண்டிகள் பார்க்கப்பட்டன, எத்தனை நின்றன, எவ்வளவு வசூலாயிற்று என்ற கணக்கைத் தாலுகாவாரியாக வெளியிட வேண்டும். கணக்கு வெளியாகும் இடத்தில்தான் சாலையோரத்தில் கைமாறும் பணத்துக்கு இடமிராது.

இதில் சர்க்காரை மட்டும் எதிர்பார்த்திருப்பது நமது அபிமானத்துக்கு ஏற்றதன்று. 2012-இல் கோயம்புத்தூர் எலும்பு வைத்திய நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், தம் ஆஸ்பத்திரிக்கு வந்த அங்கஹீனர்களைப் பார்த்து மனம் பொறாது சுப்ரீம் கோர்ட்டில் விண்ணப்பம் செய்துகொண்டார். அதன் பயனாக 2014-இல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி ஏற்பட்டு, எல்லா மாநிலங்களையும் கேள்வி கேட்டது. ஒரு தனி மனிதர் செய்ததை ஓர் ஊர் செய்ய முடியாதா? ஆரணியின் பொது ஊழியர்கள் கட்சி பேதமின்றிக் கூடி ஒரு தீர்மானம் செய்யட்டும். பட்டு வியாபாரிகளும் அரிசி ஆலைக்காரர்களும், "மொட்டை டயர் லாரியில் எங்கள் சரக்கை ஏற்றமாட்டோம், அநுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றச் சொல்லவும் மாட்டோம், அதற்குத் தக்க வாடகை தருவோம்" என்று உறுதி செய்துகொள்ளட்டும். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை; டில்லியைக் கேட்க வேண்டியதில்லை; ஆலை வாசலில் லாரி வந்து நிற்கும்போது குனிந்து பார்க்க ஓர் ஆள் போதும். லாரித் தொழிலாளர் சங்கங்களும், கெட்ட டயருடன் வண்டி எடுக்க மறுத்த டிரைவரின் வேலைக்கு நாங்கள் துணை நிற்போம் என்று சொல்லட்டும்.

மோட்டார் வண்டிகளுக்கென்று இந்தியாவில் முதல் சட்டம் ஏற்பட்டது 1914-இல். பிறகு 1939-இல் ஒன்றும் 1988-இல் ஒன்றும் ஏற்பட்டன. இந்த நூற்றுச் சொச்சம் வருஷங்களில் சட்டத்தின் பக்கங்கள் பெருகியிருக்கின்றன. லாரிகளின் பாரமும் பெருகியிருக்கிறது. அந்தப் பாரம் சாலையைத் தொடும் இடம் மட்டும் அன்றுபோலவே இன்றும் டயர்தான். அங்கே நாணயத்தின் தடிப்பளவு ரப்பர் இருக்கிறதா, இல்லையா என்று குனிந்து பார்ப்பதற்கு மகா மேதை வேண்டியதில்லை. பார்த்த பின், இல்லையென்றால் நிறுத்தி வைக்கும் மனத்திட்பமே வேண்டும். அது இல்லாத வரையில், மாண்டவர்களைத் தெய்வம் கொன்றது என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.